முடிச்சில்லாத பிடி

1

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர் ஒரு மீன்கொத்தியைக் கொண்டுவருகிறார். குளத்துக்குள் பாய்ந்து, மூழ்கி, மேலெழும் மீன்கொத்தி. அவர் சொல்ல வந்தது பறவையைப் பற்றி அல்ல. போரில் பிளந்த மார்பைத் தைக்கிற நீண்ட வெள்ளை ஊசியைப் பற்றி. சதைக்குள் மறைந்து மறுபக்கம் தலைகாட்டும் ஊசியைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர்தான் அந்த உவமையை எழுதியிருக்க முடியும் என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

ஆனால் பரணர் ஊசியோடு நிறுத்திக்கொள்கிறார். ஊசி வெளியே வந்தபிறகு நூலை என்ன செய்தார்கள்? காயத்தின் இரண்டு விளிம்புகளையும் எது சேர்த்துப் பிடித்தது?

சுஸ்ருத சங்கிதை இதில் இன்னும் கொஞ்சம் விவரமானது. மெல்லிய நூல், மரப்பட்டை நார், சணப்பு நார், தசைநார், மயிர் என்று தைக்கிற பொருள்களைப் பட்டியலிடுகிறது. தையல் வகைகளையும் பெயர் சொல்லிப் பிரிக்கிறது. ஒன்று துன்னசேவனி, கிழிந்த துணியை இழையோட்டிச் சரிசெய்வது போன்றது. துன்னம் என்றால் தையல், துன்னகாரர் என்றால் தையற்காரர் என்பது சிலப்பதிகாரம் படித்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்று ருஜுகிரந்தி. கிரந்தி என்றால் முடிச்சு. ஆக, தையற்காரனின் வழியும் முடிச்சுக்காரனின் வழியும் அப்போதே தனித்தனியாக இருந்திருக்கின்றன.

அதே நூலில் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. குடலில் ஓட்டை விழுந்தால், அதன் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட வேண்டும். கடித்ததும் உடலைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் விட்டுவிட வேண்டும். இதில் ஊசி, நூல், முடிச்சு மூன்றுமே இல்லை. செத்த எறும்பின் தாடை, குடல் தானாக ஒட்டிக்கொள்ளும்வரை பிடித்துக்கொண்டிருக்கும்.

எனக்கு இந்த எறும்புதான் முக்கியம். என் தாய்மாமன் ஒருவருடைய வலது தோளில் நான்கு சின்ன நங்கூரங்கள் இருக்கின்றன. அவற்றை இணைக்கிற நூல்களில் ஒரு முடிச்சுகூடக் கிடையாது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் அதைப் படித்த நாளிலிருந்து, பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிற நான், ஓய்வு நேரத்தில் முடிச்சுகளின் சரித்திரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முடிச்சு என்பது என்ன? நூல் தன்னைத்தானே அழுத்திக்கொள்வது. வேறெந்தப் பூட்டும் அதில் இல்லை; உராய்வு மட்டும்தான். ஒரு தையலில் முடிச்சு இரண்டு வேலைகளைச் செய்கிறது. இரண்டு விளிம்புகளைச் சரியான இழுவிசையில் சேர்ப்பது ஒன்று. அந்த இழுவிசை நழுவிப் போகாமல் பூட்டுவது இன்னொன்று. தோள் மூட்டு நிபுணரான ஸ்டீபன் பர்க்கார்ட் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே வைத்தார்: வளையத்தின் உறுதி, முடிச்சின் உறுதி. முடிச்சு கல்லுபோல நிற்கலாம். ஆனால் வளையம் தொளதொளப்பாக இருந்தால் அந்த முடிச்சால் ஒரு பயனும் இல்லை. சாதாரண அறுவைச் சிகிச்சையில் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் மருத்துவரின் விரல்நுனியில் நடந்துவிடுவதால், அவை இரண்டு என்பதே பல காலம் யாருக்கும் தெரியவில்லை.

2

ஜேடர்பாளையத்தின் படுகை அணையில் நின்றால், காவிரிக்குக் கிழக்கே, வானம் தெளிவாக இருக்கிற நாட்களில் கொல்லிமலை நீலமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இங்கே வருவது குளிக்கவும் ஆற்றுமீன் வறுவல் தின்னவும்தான். மலையை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. இழுவிசை என்ற விஷயத்தை மனிதக் கைக்குள் வைத்து வாழ்நாள் முழுக்கப் படித்த ஒரு மருத்துவர் அந்த மலையில்தான் பிறந்தார். 1914ஆம் ஆண்டு ஜூலை 17. பெயர் பால் பிராண்ட்.

அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின். கிறித்துவ ஊழியத்துக்காக மலையேறியவர்கள். ஜெஸ்ஸி பல் பிடுங்குவார், புண்ணுக்கு மருந்து போடுவார், தச்சு வேலை சொல்லிக்கொடுப்பார். அந்தக் காலத்தில் மலையில் நரம்புச்சிலந்தி நோய் இருந்தது. கெட்ட தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் புழு, காலில் கொப்புளம் உண்டாக்கித் தலைநீட்டும். அதைப் பிடித்து இழுத்தால் அறுந்துபோகும். உள்ளே மாட்டிய பாதி சீழ் பிடிக்கும். அதனால் தலையை ஒரு குச்சியில் மாட்டி, ஒரு நாளைக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பார் அப்பா. மகன் பிற்காலத்தில் இதை நினைவாக எழுதியிருக்கிறார். இறுக்கினால் அறும், விட்டால் உள்ளே போகும். இழுவிசை பற்றிய முதல் பாடத்தை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929ல் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். எவலின் மலைகளை விடவில்லை. 1974ல் இறக்கும்வரை இந்தப் பக்கத்து மலைகளிலேயே ஊழியம் செய்தார். மகனுக்கு முதலில் மருத்துவம் பிடிக்கவில்லை. பள்ளி முடித்துச் சில ஆண்டுகள் கட்டட வேலை கற்றார்: தச்சு, கொத்து, எல்லாம். அதற்குப் பிறகுதான் லண்டனில் மருத்துவம். 1946ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

1947ல் ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் நிபுணர் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார். அங்கே மடங்கிச் சுருண்ட விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம், என் கையை அழுத்துங்கள் என்று பிராண்ட் கேட்கிறார். அவர் அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. செத்துப்போனதாகத் தெரிந்த கைக்குள் இவ்வளவு பலமான தசை இருக்கிறது! தொழுநோய் சதையையே அழுகவைக்கிறது என்றுதான் அன்று பலரும் நம்பினார்கள். பிராண்ட் கண்டது வேறு. முழங்கைக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பு சேதமாகிறது. அதனால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் செயலிழந்து, விரல்கள் கொக்கியாக மடங்குகின்றன. முன்னங்கையின் பெரிய தசைகளில் பல நன்றாகவே இருக்கின்றன. உணர்ச்சி போனதால் சூடும் வெட்டும் தெரியாமல் விரல்கள் தேய்கின்றன.

அப்படியென்றால் நல்ல தசை ஒன்றின் தசைநாரை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிவிடலாம். அமெரிக்காவில் ஸ்டெர்லிங் பன்னல் இந்த மாதிரி கை அறுவைகளுக்கு ஏற்கெனவே வழி காட்டியிருந்தார். வேலூரில் 1948 முதல் பிராண்ட் அதைத் தொழுநோய்க் கைகளில் செய்தார். பிறகு தன் முறையையே உருவாக்கினார்: மணிக்கட்டை நீட்டும் தசை ஒன்றை எடுத்து, அதன் நுனியில் காலிலிருந்து எடுத்த தசைநாரை ஒட்டி நான்கு வாலாகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோவது.

இங்கேதான் சிக்கல். நான்கு வாலிலும் இழுவிசை சமமாக இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக இறுகினால் அந்த விரல் மற்றவற்றுக்கு முன்னால் ஓடும்; ஒன்று தளர்ந்தால் அது சும்மா தொங்கும். தசைக்கு எவ்வளவு பலம், எவ்வளவு தூரம் சுருங்கும் என்று முன்கூட்டித் தெரியாமல் இதைச் செய்ய முடியாது. முன்னங்கையின் ஒவ்வொரு தசையின் பலத்தையும் ஓட்டத்தையும் அவரும் கூட்டாளிகளும் அளந்து 1981ல் வெளியிட்டார்கள். 1985ல் கையின் இயக்கவியல் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பொறியியல் படித்த ஒருவன் அதைத் திறந்தால் முதல் ஆண்டு மெக்கானிக்ஸ் வகுப்புக்குத் திரும்பிய மாதிரி இருக்கும்: கப்பி, நெம்புகோல், திருப்புவிசை.

3

இரண்டு தசைநார்களை எப்படி இணைப்பது? நுனியோடு நுனி வைத்துத் தைத்தால் நூல் நாரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தசைநார் கயிறு மாதிரி. இழைகள் நீளவாக்கில்தான் ஓடுகின்றன. நீளவாக்கில் இழுக்கும் நூல், சீப்பு முடியில் வழுக்கிக்கொண்டு போவதுபோல அவற்றுக்கு நடுவே போய்விடும்.

இதற்கான பதில்களில் ஒன்று இங்கிலாந்தின் டெர்பியிலிருந்த கை அறுவை மருத்துவர் கை புல்வர்டாஃப்ட் பெயரில் நிலைத்துவிட்டது. புல்வர்டாஃப்ட் நெசவு. ஒரு தசைநாரில் சின்னக் கீறல் போட்டு, அதன் வழியாக மற்றதை நுழைக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி, முன்னதற்குக் குறுக்குவாட்டில் இன்னொரு கீறல், மறுபடி நுழை. மூன்று, நான்கு முறை. ஒவ்வொரு குறுக்கிலும் ஒரு சின்னத் தையல் உண்டு என்றாலும், சுமையைத் தாங்குவதில் பெரும் பங்கு அந்தப் பின்னலுக்குத்தான். இழுக்க இழுக்க ஒன்றை ஒன்று இறுக்கிக்கொள்ளும். ஒரே புள்ளியில் விழ வேண்டிய சுமை நீளத்துக்கும் பரவிவிடும்.

நெசவு என்ற சொல்லைக் கண்டதும் ஊர்ப் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. ஜேடர் என்பது நெசவாளரைக் குறிக்கும் கன்னடச் சொல். வசனக் கவி ஜேடர தாசிமய்யாவின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது, அவரும் தறிக்காரர். கரும்பும் வெற்றிலையும் தென்னையும் நிற்கிற எங்கள் பக்கத்தில், ஊர்ப் பெயருக்குள் ஒரு தறி கிடக்கிறது.

கைத்தறியில் ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவைப் பூட்டும்போது நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பழைய பாவின் ஆயிரக்கணக்கான இழை நுனிகளையும் புதிய பாவின் நுனிகளையும் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். பல இடங்களில் அதற்கு முடிச்சுப் போடுவதில்லை. இரண்டு நுனிகளையும் சேர்த்து, விரலில் கொஞ்சம் சாம்பல் தொட்டு, ஒரு முறுக்கு. அவ்வளவுதான். முடிச்சு பருத்திருந்தால் அச்சுக்குள் சிக்கும், இழை அறும். முறுக்கு மெலிதாக வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்த இணைப்பு நிரந்தரமாக நிற்க வேண்டியதில்லை. புதிய பாவு அச்சைக் கடந்து வந்து சேர்கிறவரை பிடித்தால் போதும்.

எறும்பின் தலை, தசைநாரின் பின்னல், சாம்பல் தொட்ட முறுக்கு. இவை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தோளில் நடந்தது எனக்கு விளங்க ஆரம்பித்தது.

4

தோளின் கதை அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து தொடங்குகிறது. கையைத் தலைக்கு மேலே தூக்க உதவும் தசை ஒன்று தோள்பட்டையின் மேலே ஓடி, மேற்கை எலும்பின் உச்சியில் ஒட்டியிருக்கிறது. அதன் தசைநார் எலும்பிலிருந்து கழன்றுபோவதையும், அதைத் திரும்பத் தைத்ததையும் எர்னஸ்ட் அமோரி காட்மன் 1911ல் எழுதினார். காட்மனுக்கு இன்னொரு பித்தும் உண்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, ஓராண்டு கழித்தும் அதற்குப் பிறகும் அவர் எப்படி இருக்கிறார் என்று எழுதிவைக்க வேண்டும், மருத்துவமனைகள் அந்த முடிவை ஊரறியச் சொல்ல வேண்டும் என்றார். சக மருத்துவர்களுக்கு இது பிடிக்கவில்லை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து 1914ல் விலகினார். எங்கள் தொழிலில் ரிலீஸ் செய்தபிறகு லாக் பார்க்காதவனை யாரும் மதிப்பதில்லை. நூறு ஆண்டுக்கு முன் ஒரு மருத்துவர் அதைக் கேட்டதற்கு வேலையை இழந்திருக்கிறார்.

1923ல் லண்டனில் பிளண்டல் பாங்கார்ட், அடிக்கடி நழுவும் தோளுக்கு, கிண்ணத்தின் விளிம்பிலிருந்து கிழிந்த திசுவைத் திரும்ப எலும்போடு சேர்ப்பதை விவரித்தார். அந்தக் காலத்தில் எலும்பில் ஓட்டை போட்டு நூலைக் கோத்து வாங்கி, மறுபக்கம் முடிச்சுப் போடுவது வழி. அதற்குத் தோளை நன்றாகத் திறக்க வேண்டும். 1980களில் சின்ன உலோக நங்கூரங்கள் வந்தன. எலும்பில் ஒரு துளை, அதற்குள் திருகு போன்ற ஒரு துண்டு, அதன் காதில் நூல். ஓட்டையை மறுபக்கம்வரை கொண்டுபோக வேண்டியதில்லை. நூலைத் திசு வழியாக எடுத்து முடிச்சுப் போட்டால் முடிந்தது.

அந்த நேரத்தில் மூட்டுக்குள் பார்க்கும் குழாயும் வளர்ந்துவிட்டது. டோக்கியோவில் கென்ஜி தகாகி 1918ல் இறந்த உடலின் முழங்காலுக்குள் ஒரு கருவியை விட்டுப் பார்த்ததிலிருந்து தொடங்கிய பாதை அது. அவருடைய மாணவர் மசாகி வதனபே செய்த 21ஆம் எண் கருவி, ஆர்த்ரோஸ்கோப்பி என்ற துறையையே நிலைநிறுத்தியது. பெரிய வெட்டு வேண்டாம். பென்சில் தடிமனில் சில ஓட்டைகள் போதும். ஆனால் அந்த ஓட்டை வழியாக மருத்துவரின் விரல் நுழையாது. முடிச்சை வெளியே போட்டு, ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டே உள்ளே கொண்டுபோக வேண்டும். இதற்காகவே வழுக்கும் முடிச்சுகளைத் தேடினார்கள். தொண்டைச் சதை அறுவைக்காக 1918ல் ரோடர் விவரித்த முடிச்சு, வயிற்றறுவைக் குழாய்கள் வழியாக மறுபடி உயிர்பெற்றது. டென்னசி, டங்கன் என்று மீனவரும் மலையேறிகளும் வைத்திருப்பதுபோல மருத்துவர்களுக்கும் ஒரு முடிச்சுப் பட்டியல் வந்தது. விரல் நுனியில் ஒன்றாக இருந்த இரண்டு வேலைகளும் இங்கே பிரிந்துவிட்டன. பர்க்கார்ட்டின் இரட்டைப் பெயர்கள் தேவைப்பட்டது இதனால்தான்.

அதோடு ஒரு வேடிக்கையும் நடந்தது. நூல் பலமாக வேண்டும் என்று, மிக உயர் மூலக்கூறு எடை பாலித்தீன் இழைகளை மருத்துவ நூலில் சேர்த்தார்கள். கப்பல் கட்டும் கயிறிலும் குண்டு துளைக்காத சட்டையிலும் இருக்கும் அதே இழை. அறுந்துபோகும் பயம் பெரிதும் போயிற்று. ஆனால் அந்த இழை வழுவழுப்பானது. முடிச்சு உராய்வால் நிற்பது. உராய்வு குறைந்தால் முடிச்சு நழுவும். இன்னும் நான்கு சுற்று போட்டால் முடிச்சு பருக்கும். தோள் கூரைக்கு அடியில் இருக்கும் குறுகிய இடத்தில் அது உரசும். நூலைப் பலப்படுத்தப் போய் முடிச்சைப் பலவீனமாக்கிவிட்டார்கள்.

விர்ஜீனியாவைச் சேர்ந்த ரேமண்ட் தால் 2001ல் முடிச்சில்லாத நங்கூரத்தைப் பற்றி எழுதினார். நங்கூரத்தின் வாலில் ஒரு சின்ன வளையம். தலையில் ஒரு பள்ளம். வளையத்தைத் திசு வழியாக இழுத்து, நங்கூரத்தின் தலைப் பள்ளத்தில் மாட்டி, பிறகு நங்கூரத்தை எலும்புத் துளைக்குள் தட்ட வேண்டும். நங்கூரம் உள்ளே போகப் போகத் திசு எலும்பை நோக்கி இழுபடும். எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு இறுக்கம். அடுத்து வந்த வடிவங்கள் இன்னும் எளிமையானவை: நூலைத் துளைக்குள் விட்டு, மேலே ஒரு முளையை அறைந்தால் முளைக்கும் எலும்புக்கும் நடுவே நூல் நசுங்கி நிற்கும். 2006 வாக்கில் இரண்டு வரிசை நங்கூரங்களுக்கு நடுவே நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாலம்போல ஓட்டி, தசைநாரை எலும்பின் மேல் பாய் விரித்ததுபோல அழுத்திப் பிடிக்கும் முறை பரவியது.

இன்னொரு கிளையில் நூலையே மாற்றினார்கள். ஜான் அல்காமோ 1964ல் காப்புரிமை பெற்ற நூலில் ஒரு பக்கமாகச் சாய்ந்த முட்கள் இருந்தன. தூண்டில் முள்ளைப்போல முன்னால் போகும், பின்னால் வராது. 1967ல் மெக்கென்சி அதே யோசனையைக் கைவிரல் தசைநார்களுக்காகச் சோதித்தார். சந்தைக்கு வர இன்னும் நாற்பது வருடம் ஆயிற்று.

5

மாமாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். பரமத்தி வேலூர் வட்டாரத்தில் அது ஒரு வேலை இல்லை, ஒரு தோள். அகத்தி மரங்கள் வரிசையாக நிற்கும்; கொடி அதன்மேல் ஏறும். ஏற ஏற ஒரு சாணுக்கு ஒரு கட்டு, ஈர வாழைநாரால். கொடி ஆளுயரம் தாண்டியதும் ஏணி. கை தலைக்கு மேலேயே இருக்கும். முப்பது வருடம் அப்படி இருந்தால், மேற்கை எலும்பின் உச்சியில் ஒட்டியிருக்கும் அந்த நார் தேய்வது ஆச்சரியம் இல்லை. ஒருநாள் வாளி தூக்கும்போது மிச்சமும் கழன்றது.

அறுவை ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. நன்றாகவே நடந்தது. பில்லில் நங்கூரங்களுக்கு மட்டும் தனி வரி. அதுதான் அந்தக் காகிதத்தின் பெரிய எண். இரண்டாம் நாள் மாமா கேட்டார்.

"ஏன் மாப்ள, உள்ள எத்தன முடிச்சு போட்டிருக்காங்களாம்?"

"ஒண்ணுகூட இல்லீங்க மாமா."

"முடிச்சில்லாம எப்படி நிக்கும்?"

போனில் படம் காட்டினேன். எலும்பில் துளை, துளைக்குள் நூல், மேலே முளை. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அட, ஆப்பு! மம்பட்டிக் காம்புக்கு அடிக்கறமே, அதேதான?"

அதேதான். நான் பல வாரமாகப் படித்ததை அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். பிறகு அவராகவே தொடர்ந்தார். கொடி கட்டுவதைப் பற்றி.

"நாரு கொடியத் தாங்கறதில்ல மாப்ள. இறுக்கிக் கட்டுனா கொடி வெட்டிப்போகும். தொளதொளன்னு உட்டா காத்துல ஆடும், கணுவுல வேர் புடிக்காது. கணுவேர் மரத்தப் புடிக்கற வரைக்கும் சும்மா சேத்திப் புடிச்சுக்கணும். அப்பறம் நாரு அழுகிப்போனா என்ன?"

இதைவிடத் துல்லியமாக அந்த அறுவையை விளக்க முடியாது. நங்கூரமும் நூலும் தசைநாரை என்றென்றைக்கும் தாங்கப் போவதில்லை. தசைநார் எலும்புக்குள் மறுபடி வளர்ந்து பிடிக்க மாதங்கள் ஆகும். அதுவரை நகராமல் சேர்த்து வைத்திருக்க வேண்டும். கூடுதலாக இறுக்கினால் நூலுக்கு அடியில் இரத்த ஓட்டம் குறைந்து திசு நலியும். தளர்ந்தால் இடைவெளி விழும். முடிச்சு போய்விட்டது, எவ்வளவு இழுப்பது என்ற கேள்வி போகவில்லை. அது மருத்துவரின் விரலிலிருந்து கருவியின் ஆழத்துக்கு இடம் மாறியிருக்கிறது. முடிச்சுப் போட்டுச் செய்த தோள்களையும் முடிச்சில்லாமல் செய்த தோள்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். மொத்தத்தில், மறுபடி கிழிவதிலும் கையின் செயலிலும் பெரிய வித்தியாசம் இல்லை. முடிச்சில்லாத வழியில் அறுவை நேரம் குறைகிறது. நல்ல முடிச்சு போடத் தெரிந்த கைகள் எல்லா ஊரிலும் இல்லை என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. அதே சமயம், அந்தக் கைகளின் திறமை இப்போது ஒரு பெட்டிக்குள் வைத்து விற்கப்படுகிறது என்பதும் உண்மை. நல்ல முடிச்சுக்கு நூலும் பயிற்சியும் போதும். ஆப்பை விலை கொடுத்து வாங்க வேண்டும்.

பில்லில் வராத செலவும் ஒன்று உண்டு. ஆறு வாரம் கை ஸ்லிங்கில். அதன் பிறகு பிசியோதெரபி. தலைக்கு மேலே சுமையோடு கை போக இன்னும் பல மாதம். வேர் பிடிக்கிற நேரத்தை எந்த நங்கூரமும் குறைப்பதில்லை. வெற்றிலைக் கொடிக்கு அது தெரியாது. கட்டாமல் விட்டால் சாயும். கூலிக்குக் கொடி கட்டும் ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. அந்த வருடம் மாமா கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டார். இப்போது அவருடைய கை சுவரில் ஊர்ந்து ஊர்ந்து தலைக்கு மேலே போய்விட்டது. கொடிக்கால் இன்னும் குத்தகைக்காரரிடம்தான் இருக்கிறது.

6

வேலூரில் பிராண்ட் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். முதல் சில ஆண்டுகளில் அவர் சரிசெய்த கைகள் வேலை செய்தன. விரல்கள் நீண்டன, மடங்கின, சோறு எடுத்தன. ஆனால் சிகிச்சை முடிந்து போனவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். கொக்கிக் கையோடு இருந்தபோது பிச்சை கிடைத்தது. இப்போது கை நன்றாக இருப்பதால் யாரும் போடுவதில்லை. தொழுநோயாளி என்பதால் வேலையும் வீடும் யாரும் தருவதில்லை என்றார்கள். ஒருவர் நேராகவே சொன்னாராம், நீங்கள் கொடுத்தவை பிச்சை எடுக்க லாயக்கில்லாத கைகள் என்று. பிராண்ட் பிற்காலத்தில் பல இடங்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

அவர் அளந்த இழுவிசைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. தசைநார் பிடித்தது. அந்தக் கை போய்ச் சேர வேண்டிய வாழ்க்கையில்தான் பிடிப்பு இல்லை. காட்மனின் அட்டையில் ஓராண்டு கழித்து என்ன எழுதியிருப்பார்கள்? விரல் நீள்கிறது என்றா, பட்டினி என்றா?

1951ல் கல்லூரி வளாகத்திலேயே சில குடிசைகள் போட்டு நவஜீவ நிலையம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கி ஒரு தொழில் கற்றார்கள். தச்சு வேலை, மரப் பொம்மைகள். மருத்துவம் படிப்பதற்கு முன் வீணாய்ப் போனதாக நினைத்த தச்சுப் பயிற்சி, கடைசியில் அங்கேதான் பிராண்டுக்கு உதவியது. பட்டறையில் அவர் நோயாளிகளோடு நின்று கவனித்தார். உணர்ச்சி இல்லாத விரல்கள் சுத்தியலை எவ்வளவு இறுக்குகிறோம் என்று தெரியாமலேயே இறுக்குகின்றன. தோல் கிழிகிறது, புண்ணாகிறது. நமக்கு வலி சொல்லித் தருகிற அளவை அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

1966ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போனார், 2003ல் இறந்தார். வேலூரில் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது. தசைநாரை நான்கு வாலாகப் பிரிக்கும் அவருடைய முறை பாடநூல்களில் இருக்கிறது. அந்தக் குடிசைப் பட்டறையில் செய்த இன்னொரு வேலை பாடநூல்களில் அவ்வளவாக வருவதில்லை: ரம்பம், உளி, சுத்தியல் ஒவ்வொன்றையும் எடுத்து, சுமை ஒரே இடத்தில் விழாமல் உள்ளங்கை முழுக்கப் பரவுகிற மாதிரி, அவற்றின் பிடிகளை மாற்றிச் செய்தார்கள்.